நொய்யல் தண்ணி பாயும் குளம்: தூர் வாரின வண்டலை வயலுக்கு அடிக்கலாமா?

கடைமடை_காங்கயம்:
திருப்பூருக்குக் கிழக்கே, நொய்யல் வாய்க்கால்ல தண்ணி வாங்குற குளமுங்க. இந்த வருசம் தூர் வாரணும்னு ஊர்ல பேச்சு. வண்டலை இலவசமா எடுத்துக்கலாம்னு சொல்றாங்க. ஆனா ஒரு காலத்துல சாயத்தண்ணி நின்ன குளம். அந்த மண்ணைத் தென்னந்தோப்புக்கும் சின்ன வெங்காயம் போடற காட்டுக்கும் அடிக்கலாமுங்களா? இன்னொண்ணு, இப்ப தண்ணி கலரில்லாமத்தான் வருது. ஆனா மழை பெஞ்சா வாய்க்கால்ல நுரை தள்ளுது, கெணறும் வர வர உப்புக் கரிக்குது. யாருக்கு, எப்படி எழுதினா வேலைக்காகும்?

உவர்மண்:
கலரை வெச்சு முடிவு பண்ணாதீங்க. சாயத்தோட நிறத்தை எடுக்கறது சுலபம். சாயம் ஏத்தப் போடற சாதா உப்பும் சோடியம் சல்பேட்டும் தண்ணியில அப்படியே கரைஞ்சு நிக்கும்; அதைப் பிரிக்க ஆர்ஓ, அதோட கழிவைக் காய்ச்ச எவாப்பரேட்டர் வேணும். தெளிஞ்ச தண்ணியிலயும் உப்பு முழுசா இருக்கலாம்.

வண்டலுக்கு வர்றேன். மாதிரி எடுக்கறப்ப பெரும்பாலும் ஒரு தப்பு நடக்குது: வாய்க்கால் விழற வாயிலயே ஒரு கூடை அள்ளிக் கொடுத்துடறாங்க. அங்க கெடக்கறது மணல். குரோமியம், ஈயம் மாதிரி உலோகமெல்லாம் நைசான களியோட ஒட்டிக்கிட்டு ஆழமான இடத்துல, மடைப்பக்கம் போய்ப் படியும். விவசாயி தேடிப்போய் அள்ளற "நல்ல வண்டல்" அதுதான். அதனால வாய், நடுக்குளம், மடைப்பக்கம் மூணையும் தனித்தனியா எடுங்க. ஒவ்வொண்ணுலயும் மேல் ஒரு அடி தனி, அடிமண் தனி.

வீட்டுலயே ஒரு சோதனை: காஞ்ச வண்டல்ல பட்டாணி அளவு கட்டி ஒண்ணைக் கண்ணாடி டம்ளர்ல மழைத்தண்ணி ஊத்தி மெதுவா விடுங்க. கலக்காதீங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பாருங்க. கட்டி உதிர்ந்தும் தண்ணி தெளிவா இருந்தா நல்லது. கட்டியைச் சுத்திப் பால் மாதிரி மங்கல் படர்ந்தா சோடியம் ஏறின மண். அதை வயல்ல போட்டா மழைக்கு மேல ஓடு கட்டிக்கும், தண்ணி இறங்காது. ஆனா உப்பு ரொம்ப அதிகமா இருந்தாலும் மங்கல் வராது. ஆகவே ஈசியும் (உப்பு எவ்வளவுன்னு காட்டற மின்கடத்துத் திறன்) பார்த்தே ஆகணும்.

மண் பரிசோதனை நிலையத்துல ஈசி 1 டெசிசீமன்ஸுக்குள்ள வந்தா பயமில்லை, 3-ஐத் தாண்டினா வேண்டாம். மாறு சோடியம் (களிமண்ணுல ஒட்டியிருக்கற சோடியத்தோட பங்கு) 15 சதவீதத்துக்கு மேலன்னா அதுவும் வேண்டாம். உலோகத்துக்குத் தனி ஆய்வகம் தேவை. ஒப்பிட உரக் கட்டுப்பாட்டு ஆணையில நகரக் கம்போஸ்டுக்குக் கொடுத்த வரம்பு இருக்கு: கிலோவுக்கு குரோமியம் 50, ஈயம் 100, நிக்கல் 50, காட்மியம் 5 மில்லிகிராம். நம்ம பாறைமண்ணுலயே இயற்கையா குரோமியம் கூட இருக்கலாம்ங்கறதால, குளத்தண்ணி பாயாத காட்டு மண்ணையும் ஒண்ணு சேர்த்துக் கொடுங்க. வித்தியாசம்தான் முக்கியம்.

மடைக்காரன்:
முதல்ல குளம் யாருதுன்னு பாருங்க. ஆயக்கட்டு, அதாவது குளத்துத் தண்ணி பாயற நிலம், 40 ஹெக்டேருக்கு மேலன்னா நீர்வளத் துறை, அதுக்குக் கீழன்னா ஊராட்சி ஒன்றியம். தப்பான ஆபீசுக்குப் போன மனு அங்கயும் இங்கயும் அலைஞ்சே கோடை முடிஞ்சிரும்.

வண்டலுக்குத் தாசில்தார் அனுமதி. தாலுகாவுக்குள்ள நிலம் இருக்கணும்; சிட்டா, அடங்கல் வையுங்க. ஏக்கருக்கு நஞ்சைக்கு 75, புஞ்சைக்கு 90 கன மீட்டர். 90-ஐ ஒரு ஏக்கர்ல பரப்பினா ரெண்டேகால் சென்டிமீட்டர் கனம்தான், குவிச்சு வெக்காம பரப்புங்க.

வெட்டறப்ப மடையோட அடிமட்டத்துக்குக் கீழ தோண்டாதீங்க, அந்தத் தண்ணி பாசனத்துக்கு ஏறாது. கரையடியை ஒட்டி வெட்டினா கரையில கசிவு வரும். குளம் முழுசா காஞ்ச பிறகு, நொய்யல் பொறக்கற வெள்ளியங்கிரி மலையில தென்மேற்கு மழை பிடிக்கறதுக்கு முன்னாடி முடிச்சிருங்க. தண்ணி நிக்கறப்ப கலக்கினா அடியில கெடக்கற கருஞ்சேறு ஆக்சிஜனைத் தின்னு மீனெல்லாம் மிதக்கும்.

ஆகாயத்தாமரையை மூடாக்காவோ கம்போஸ்டாவோ போட்டுடாதீங்க. உலோகத்தை உறிஞ்சி வெச்சிருக்கற செடி அது.

33ஏ:
புகார் பக்கம். ஈசி மீட்டர் வாங்குங்க, 1413 மைக்ரோசீமன்ஸ் கரைசல்ல சரிபார்த்துட்டு மேல், கீழ்னு ரெண்டு இடத்துல அளங்க. எந்தக் கிளை வாய்க்கால் சேர்ற இடத்துல ஈசி குதிக்குதோ அதுதான் உங்க மனுவோட சாரம். நகரச் சாக்கடையில பிஓடி (அழுகற கழிவு எவ்வளவுன்னு காட்டற அளவு), நாற்றம் எல்லாம் இருக்கும், உப்பு ஓரளவுதான். சாயக்கழிவு வந்தா ஈசி திடீர்னு ஏறும். முதல் மழையும் பின்னிரவும்தான் பார்க்க வேண்டிய நேரம்.

மாதிரிக்கு ஒரு லிட்டர் பிளாஸ்டிக் கேன். அதே தண்ணியில மூணு தடவை அலசி, ஓட்டத்தின் நடுவுல முங்க வெச்சு, காத்து இல்லாம நிரப்பி, இடம், தேதி, மணி எழுதி ஐஸ்ல வெச்சு அன்னைக்கே கொடுங்க. உலோகம் பார்க்கணும்னா ஆய்வகத்துலயே நைட்ரிக் அமிலம் விட்ட தனி பாட்டில் கேளுங்க.

இது அதிகாரிகளைக் கிளப்பத்தான். வழக்குல நிக்கறது 1974 நீர்ச் சட்டம் 21-ம் பிரிவுப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுக்கற மாதிரி: நோட்டீஸ் கொடுத்து, ஆலைக்காரர் முன்னாடி ரெண்டாப் பிரிச்சு, சீல் வெச்சுக் கையெழுத்து. அந்த முறை தவறினா வாரியத்தோட சொந்த முடிவே சான்றாகாது. அதனால மனுவுல "21-ம் பிரிவின்படி மாதிரி எடுத்து, தேவைப்பட்டால் 33ஏ-யின் கீழ் உத்தரவிட வேண்டும்"னே எழுதுங்க. 33ஏ-ன்னா ஆலையை மூடு, மின்சாரத்தை நிறுத்துன்னு வாரியம் உத்தரவு போடற அதே சட்டத்துப் பிரிவு. மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு அனுப்பி, நகலை விவசாயிகள் குறைதீர் கூட்டத்துலயும் கொடுத்துப் பதிவு எண் வாங்கிக்கங்க.

"டிடிஎஸ் 2100-க்குள்ளதானே இருக்கு"ன்னு (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கரைஞ்ச உப்புன்னு அர்த்தம்) யாராச்சும் சொன்னா மயங்கிடாதீங்க. நொய்யல் மேல 1992-ல கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயக்குட்டையா மாறி, 2011 ஜனவரியில உயர் நீதிமன்றம் ஆலைகளை மூடச் சொன்ன பிறகு, திருப்பூர் சாயப்பட்டறைங்களுக்கு நிபந்தனையே ஒரு சொட்டும் வெளிய விடக்கூடாதுங்கறதுதான்.

பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போறதா இருந்தா கெடு முக்கியம்: சுற்றுச்சூழல் தகராறுக்கான 14-ம் பிரிவுக்கு ஆறு மாசம், நஷ்டஈட்டுக்கு 15-ம் பிரிவுல அஞ்சு வருசம்.

கடைமடை_காங்கயம்:
நன்றிங்க. கெணத்துத் தண்ணி ஈசி 3 டெசிசீமன்ஸ் காட்டுது. அதுல என்ன வெக்கலாம்?

உவர்மண்:
5 சென்டிமீட்டர் பாய்ச்சல் ஒரு தடவை விட்டா ஏக்கருக்கு ஏறத்தாழ 390 கிலோ உப்பு எறங்கும். அதைக் கழுவ, விடற தண்ணியில எவ்வளவு பங்கு வேருக்குக் கீழ எறங்கிப் போகணும்னு கணக்குப் போட்டா, சோளத்துக்குப் பத்து சதவீதம், பருத்திக்கு அதைவிடக் கொஞ்சம் கம்மி. மக்காச்சோளத்துக்கு 55 சதவீதம், அதாவது பாதிக்கு மேல வீண். வெங்காயத்துக்குக் கணக்கு நூறு சதவீதத்தைத் தொடுது, அந்தக் கெணத்தை நம்பிப் போடாதீங்க. பண்ணைக்குட்டையில மழைத்தண்ணி இருந்தா அதை வெங்காயத்துக்கே ஒதுக்கிடுங்க.

தென்னை தாங்கும், ஆனா கூடுதலா விட்ட தண்ணி கீழ எறங்கணும். அடியில சுண்ணாம்புப் பாறை தட்டற இடத்துல வடிகால் வெட்டாம கழுவினா உப்பு வேருக்கே திரும்பி ஏறும். ஜிப்சத்தை மண்ணுல சோடியம் கூடன்னு முடிவு வந்தா மட்டும் போடுங்க. வெறும் உப்பு மண்ணுன்னா அதுக்குக் காசு தண்டம்.