கண்ணுக்குள் பார்த்துத்தான் தெரிந்தது: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

செங்கலடியிலிருந்து:

மகளுக்குத் தலையிடி தொடங்கியது ஏ.எல். படிக்கிற காலத்தில். காலையில் எழும்பும்போதுதான் கூட இருக்கும். குனிந்து நிமிர்ந்தால் இரண்டு கண்ணும் சில விநாடி இருண்டு தெளியும் என்றாள். காதுக்குள் நாடி அடிக்கிற சத்தம் கேட்கிறது என்றும் சொன்னாள். சிலர் படிப்புச் சுமை என்றார்கள், சிலர் பீனிசம் என்றார்கள். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை வாசித்தாள். பார்வையில் குறை ஒன்றும் இல்லையாம்.

மட்டக்களப்பில் கண் வைத்திய நிபுணர் ஒருவர்தான் துளி மருந்து விட்டு, கருமணி விரியும் வரை இருக்கச் சொல்லி, உள்ளே பார்த்தார். ஒரு கண்ணைப் பார்த்தவர் மற்றதைப் பார்த்தார், திரும்பவும் முதல் கண்ணுக்கு வந்தார். "அம்மா, இது கண் வருத்தம் இல்லை. மூளைக்குப் போகிற நரம்பு கண்ணில் தொடங்கும் இடம் இரண்டு பக்கமும் வீங்கியிருக்கிறது. மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம். இன்றைக்கே வார்டில் காட்டுங்கள்" என்றார்.

கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் படமும் கீறிக் காட்டினார். மூளையைச் சுற்றியிருக்கும் சவ்வும் நீரும்தான் கண் நரம்பையும் சுற்றியிருக்கின்றன. அதனால் உள்ளே ஏறும் அழுத்தம் நரம்பு வழியாகக் கண் வரைக்கும் வந்துவிடும். நடுப்பார்வை கடைசியில்தான் கெடும், ஓரப் பார்வைதான் முதலில் குறையும். எழுத்துப் பலகையை அவள் முழுதாக வாசித்த காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஸ்கானில் கட்டி இல்லை, மூளை நாளங்களில் இரத்தக் கட்டும் இல்லை. முதுகில் ஊசி போட்டு நீரின் அழுத்தத்தை அளந்தார்கள், கூடத்தான் இருந்தது. இளம் பெண்களுக்கு, அதுவும் உடம்பு பருத்தவர்களுக்கு, வேறு காரணம் இல்லாமலே இப்படி வருமாம். கவனிக்காமல் விட்டால் பார்வையே போய்விடும். அசிற்றசோலமைட் குளிசை கொடுத்தார்கள், எடையைக் குறைக்கச் சொன்னார்கள். இப்போது வீக்கம் வற்றிவிட்டது. ஓரப் பார்வையைச் சோதிக்கிற பரிசோதனைக்கு மட்டும் இன்னும் போய் வருகிறோம். தலையிடியோடு கண் இருளுகிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து துளி மருந்து விட்டுக் கண்ணுக்குள் பார்க்கிற பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

சம்மாந்துறையிலிருந்து:

அக்கா, மகள் தேறியது பெரிய ஆறுதல். எங்கள் வாப்பா வயல்காரர், சீனி வருத்தம் நெடுங்காலமாக இருக்கிறது. "எனக்குக் கண் நல்லாத் தெரியுது, எதுக்கு மருந்து விடணும்" என்று கிளினிக்கில் மறுத்துக்கொண்டே இருந்தார். உம்மா வற்புறுத்தித்தான் சம்மதித்தார். விழித்திரையில் அங்கங்கே இரத்தக் கசிவு, புதிதாக முளைத்த மெல்லிய நாளங்கள். இவ்வளவு இருந்தும் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. லேசர் வைத்தார்கள். போன பார்வையை லேசர் திருப்பித் தராது, இருப்பதைக் காப்பாற்றத்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், இப்பவும் வயலுக்குப் போகிறார்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

கண் கிளினிக்கில் தாதியாக இருக்கிறேன். கருவில் மூளை உருவாகும்போது அதிலிருந்தே வளர்வதுதான் விழித்திரை. உடம்பை வெட்டாமல் இரத்த நாளத்தையும் நரம்பையும் நேரே பார்க்கக்கூடிய இடம் இதுதான். 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் கண்ணுக்குள் பார்க்கிற கருவியைப் பற்றி எழுதும்வரை வைத்தியர்களுக்கு உயிருள்ள கண்ணின் உள்பக்கம் இருட்டுத்தான்.

என் மனதில் நிற்பவர் ஒரு வயதான ஐயா. ஒரு கண்ணில் திரை இறங்கியதுபோல மறைந்து, சில நிமிடத்தில் சரியாகிவிட்டது. "சரியாப் போச்சுதானே மிஸ்" என்று வீட்டுக்குப் போக நின்றார். உள்ளே பார்த்தபோது சிறு நாளமொன்றில் மஞ்சளாக மினுங்கும் துகள் சிக்கியிருந்தது. கழுத்து நாளத்தில் படிந்த கொழுப்பு உடைந்து வந்தது அது. அடுத்த துகள் மூளைக்குப் போனால் பக்கவாதம். அன்றே மருத்துவ வார்டுக்கு அனுப்பினார்கள். கண் தானாகத் தெளிந்தாலும் வீட்டில் இருக்காதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

கண்ணைப் படமெடுத்து மறதி நோயைச் சொல்லலாமா என்று பலர் கேட்கிறார்கள். விழித்திரை அடுக்குகளின் தடிப்பை ஓ.சி.டி. கருவியால் அளந்து ஆராய்ச்சி நடக்கிறது. ஆனால் அந்தப் படத்தை மட்டும் வைத்து ஒருவருக்கு மறதி நோய் என்று முடிவு சொல்கிற நிலை இன்னும் வரவில்லை. அப்படிச் சொல்லிக் காசு கேட்டால் நம்பாதீர்கள்.

ஆரையம்பதியிலிருந்து:

மருந்து விட்ட பிறகு மோட்டார் சைக்கிளில் வரலாமா மிஸ்? அம்மாவைக் கூட்டிப் போக வேண்டும், எனக்கும் பார்ப்பதாகச் சொன்னார்கள்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

ஓட வேண்டாம் தம்பி. சில மணி நேரத்துக்குக் கிட்டப் பார்வை மங்கும், வெயில் கூசும். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் என்றால் இன்னொருவரைக் கூட்டி வாருங்கள், இல்லாவிட்டால் பஸ்ஸில் வாருங்கள். கறுப்புக் கண்ணாடி இருந்தால் எடுங்கள். அம்மாவின் கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் மறக்க வேண்டாம். அப்புறம், வீட்டுக்குப் போனபின் கண் சிவந்து கடுமையாக நொந்தாலோ, சத்தி வந்தாலோ, விடியும்வரை பார்த்திருக்காமல் உடனே திரும்பி வாருங்கள். அரிதுதான், ஆனால் சிலருக்குக் கண் அழுத்தம் திடீரென ஏறும்.