சுங்கத்தில் சரக்கு நின்ற அந்த ஒரு நாள்: உங்கள் அனுபவம் என்ன?

பம்புக்காரர்:
இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங் மூன்றும் ஒத்துப்போயின. தீர்வையும் கட்டியாகிவிட்டது. கதவைத் திறந்ததும் அதிகாரி பெட்டிகளைப் பார்க்கவே இல்லை. குனிந்து டார்ச் அடித்து, அடியிலிருந்த மரப் பேலட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். எட்டாவதில் நின்று, "இதில் முத்திரை எங்கே?" என்றார். அந்தக் கோதுமைக்கதிர் முத்திரைதான், ஐஎஸ்பிஎம் 15, மரத்தைப் பூச்சி பரவாதபடி பதப்படுத்தியதற்கு அடையாளம். மற்ற எல்லாவற்றிலும் இருந்தது. இந்த ஒன்றில் மட்டும் இல்லை. ஒரு பேலட்டுக்காக மொத்த கன்டெய்னரும் 11 நாள் நின்றது. புகையூட்டி விடுவதா, திருப்பி அனுப்புவதா என்று முடிவாகும்வரை டெமரேஜ், அதாவது கன்டெய்னர் நிற்கும் நாட்களுக்கான கட்டணம், ஏறிக்கொண்டே இருந்தது. அந்த டார்ச் வெளிச்சம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

நூற்கண்டு:
என்னுடையது ஏற்றுமதி. கேட்டில் ஒருவர் கன்டெய்னர் கதவிலிருந்த சீல் எண்ணை வாசித்தார், இன்னொருவர் காகிதத்தில் சரிபார்த்தார். கதவில் கடைசி இலக்கம் 3, காகிதத்தில் 8. கையால் எழுதிக் கொடுத்தது நான்தான். போல்ட் சீலை கட்டர் வைத்து வெட்டினார்கள். அந்தச் சத்தம் கேட்டபோதே கப்பல் போய்விட்டது என்று தெரிந்துவிட்டது. திறந்து, எண்ணி, புது சீல் போட்டு முடிப்பதற்குள் கப்பலுக்குச் சரக்கை ஒப்படைக்க வேண்டிய கட்-ஆஃப் நேரம் தாண்டிவிட்டது.
பம்புக்காரர், பேலட்டைக் கவனிப்பது உங்கள் சுங்க ஏஜென்ட் வேலை. முதலில் அவரை மாற்றுங்கள்.

வால்வு:
இதை ஒத்துக்கொள்ள முடியாது. சீல் வைத்து வருகிற கன்டெய்னருக்குள் ஏஜென்ட் எப்படி எட்டிப் பார்ப்பார்? அவர் கையில் இருப்பது காகிதம் மட்டும். ஏற்றும் இடத்தில்தான் பார்க்க வேண்டும்.
என் கதை சின்னது. சாம்பிள் வால்வு ஆறு வந்தது. சப்ளையர் இன்வாய்ஸில் மதிப்பு பூஜ்யம் என்று போட்டுவிட்டார். அதிகாரி ஒன்றைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல ஆட்டி, "இது சும்மாவா வரும்?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.
இலவசமாக வந்தாலும் சுங்கத்துக்கு மதிப்பு வேண்டும். விற்பனைக்கு அல்ல என்று எழுதுங்கள், ஆனால் நியாயமான விலையையும் போடுங்கள். அப்புறம் ஹெச்எஸ் கோடு, சரக்கு எந்த வகை என்று சுங்கத்துக்குச் சொல்லும் எண். முதல் ஆறு இலக்கம்தான் எல்லா நாட்டுக்கும் பொது, அதற்கு மேல் அந்தந்த நாட்டுக் கணக்கு. சப்ளையர் கொடுக்கும் எட்டு, பத்து இலக்கத்தை அப்படியே எழுதாதீர்கள். 2022இல் அட்டவணை மாறியது. அதற்குப் பிறகும் பழைய கோடையே காப்பி அடிக்கிறவர்களைப் பார்க்கிறேன். சந்தேகம் இருந்தால் சரக்கு கிளம்பும் முன்பே எந்தக் கோடு என்று சுங்கத்திடம் எழுத்தில் முன்தீர்ப்பு கேளுங்கள், பல நாடுகளில் அந்த வசதி உண்டு. கையெழுத்து ஏஜென்டுடையதாக இருந்தாலும், பெரும்பாலும் கேள்வி இறக்குமதியாளரிடம்தான் வரும்.

மேடைவிளக்கு:
நான் வியாபாரி இல்லை. நாடகக் குழுவுக்காக விளக்குகளை வெளிநாடு கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருகிறவன், கார்னேயில். பொருளைத் தீர்வை கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுபோக உதவும் ஆவணம் அது. திரும்பும் இரவு சுங்கக் கவுன்ட்டரில் விளக்கு அணைந்திருந்தது. பெட்டிகள் ஏற்கெனவே பெல்ட்டில் போய்விட்டன. கையில் கார்னேயை விரித்துப் பிடித்தபடி ஐந்து நிமிடம் அங்கேயே நின்றேன். பொருள் அந்த நாட்டை விட்டு வெளியேறியதற்குச் சுங்கம் முத்திரையிட்டுக் கிழித்துக்கொள்ளும் மறு-ஏற்றுமதி வவுச்சர் கிழிக்கப்படாமலே இருந்தது. ஐந்து மாதம் கழித்து அந்த நாட்டிலிருந்து தீர்வை கேட்டு நோட்டீஸ் வந்தது. ஊர் வந்து இறங்கியதும் இங்கே போட்ட முத்திரைதான் காப்பாற்றியது. ஆனாலும் அங்கே முத்திரை வாங்காததற்கு ஒரு கட்டணம் கட்டினோம்.

பம்புக்காரர்:
வால்வு சொல்வதுதான் சரி, ஏஜென்ட் மேல் தப்பில்லை. மேலே ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஏற்றும்போது சப்ளையர் போட்டோ அனுப்பியிருந்தார். இரண்டாவது படத்தில் அந்தப் பேலட் தெளிவாகத் தெரிகிறது. நடுப் பலகை மட்டும் வெள்ளையாக, புதிதாக. உடைந்ததற்குப் பதில் யாரோ மாற்றி அடித்திருக்கிறார்கள். நான் அந்தப் படத்தில் பெட்டிகளை மட்டும் எண்ணிவிட்டு "ஓகே, ஏற்றுங்கள்" என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.