தோற்ற பிறகு யாரைக் குறை சொல்வது? பூத் வேலை பார்த்தவர்களின் பகிர்வு

பூத் கமிட்டி, தென்சென்னை:
ரிசல்ட் வந்த மறுநாளே "படிச்சவன் ஓட்டுப் போட வரல, அதான் தோத்தோம்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அதற்கு முன் படிவம் 20-ஐ எடுங்கள். எந்த பூத்தில் யாருக்கு எத்தனை ஓட்டு என்று அதில் இருக்கும். போன தேர்தலுடையதையும் பக்கத்தில் வையுங்கள். சதவீதம் வேண்டாம், எண்ணிக்கையைப் பாருங்கள்.

நமக்கு 420 விழுந்த பூத்தில் இப்போது 330 என்று வைத்துக்கொள்வோம். எதிராளிக்கு அதே 250, மற்றவர்களுக்கும் கூடவில்லை என்றால், 90 பேர் வீட்டிலிருந்து கிளம்பவே இல்லை. எதிராளிக்கு 340 ஆகியிருந்தால் ஓட்டு அந்தப் பக்கம் போய்விட்டது. முன்னதற்கு பூத் கமிட்டி பதில் சொல்லணும். பின்னதற்கு வேட்பாளரும் தலைமையும். இரண்டையும் குழப்பிக்கொண்டு வாக்காளரைத் திட்டுவது அநியாயம்.

ஒன்று கவனம்: 2021-ல் கொரோனாவுக்காகப் பெரிய பூத்களைப் பிரித்தார்கள். துணை பூத்தையும் சேர்த்துக் கூட்டாவிட்டால் கணக்கு தப்பிவிடும்.

வாக்காளர் பட்டியல் வேலை பார்ப்பவர்:
அண்ணன் சொல்வது சரி. சதவீதத்தை ஏன் நம்பக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. பட்டியலில் 1,000 பெயர், விழுந்தது 550 ஓட்டு என்றால் 55%. அதில் 150 பேர் இறந்தவர்கள், வீடு மாறியவர்கள், இரட்டைப் பதிவுகள் என்றால் உண்மையில் 65%-ஐ ஒட்டி வரும். 2025 டிசம்பர் வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டில் 97 லட்சத்துக்கும் மேல் பெயர்கள் விடுபட்டன. அந்த அளவு கழித்த பிறகு சதவீதம் ஏறினால், அதை அலை என்று எண்ணிவிடாதீர்கள்.

தவறாக நீக்கப்பட்டவருக்குப் படிவம் 6, வீடு மாறியவருக்குப் படிவம் 8. வேட்புமனுவுக்குக் கடைசி நாள் தாண்டினால் பெயர் சேர்க்க முடியாது. விசாரணைக்கும் நாள் பிடிக்கும். அதனால் பத்து நாளாவது முன்கூட்டியே கொடுத்துவிடணும்.

பூத் ஏஜென்ட்:
2021-ல் தியாகராய நகரில் வித்தியாசம் வெறும் 137 ஓட்டு. பூத்துக்கு ஒருவர் கூடுதலாக வந்திருந்தால்கூட முடிவு மாறியிருக்கும். ஓட்டுப்பதிவு நாள் முழுக்க ஓட்டு நழுவுகிற இடங்கள் உண்டு.

ஒருவர் பெயரில் வேறு யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தால், அவர் கோபத்தோடு திரும்பிவிடுவார். விடாதீர்கள். தேர்தல் நடத்தை விதி 49P-யைச் சொல்லி டெண்டர் ஓட்டு, அதாவது சீட்டில் போடும் ஓட்டு, கேட்கச் சொல்லுங்கள். அது மெஷினில் ஏறாது, தனி உறைக்குள் போகும். வழக்கு வந்தால்தான் அதற்கு வேலை.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட்டைச் சாத்துகிறார்கள் என்று வரிசை கலையும். அப்போது வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் ஓட்டு உண்டு. வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் கையெழுத்திட்ட எண் சீட்டை வரிசையின் கடைசி ஆளிடமிருந்து முன்பக்கமாகக் கொடுத்துக்கொண்டு வரணும். முன்னாலிருந்து கொடுத்தால் பின்னால் புதிதாக ஆள் சேருவார்கள், தகராறு வரும்.

எல்லாம் முடிந்ததும் பதிவான ஓட்டுக் கணக்கான படிவம் 17சி நகலை வாங்காமல் வெளியே வராதீர்கள். ஓட்டுப் போட வந்தவர்களை எழுதும் 17ஏ பதிவேட்டின் கடைசி வரிசை எண்ணும் மெஷினில் பதிவான மொத்தமும் ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பாருங்கள். பதிவேட்டில் எழுதிவிட்டு ஓட்டுப் போடாமல் போனவர் இருந்தால், அந்த வித்தியாசம் 17சி-யில் தனி வரியாக எழுதப்பட்டிருக்கணும்.