ஆராய்ச்சிக் காசு கேட்டு அனுப்பின புரொபோசல் ரெண்டாந்தரமும் திரும்பிட்டு, எதைத் திருத்துறது?

வாவிக்கரை:
மட்டக்களப்பு வாவியில உப்புத்தன்மைக்கும் நண்டுக்குஞ்சுகளின் எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்புதான் தலைப்பு. பாலமீன்மடு, மண்முனை, பட்டிருப்பு எண்டு மூண்டு இடம், இடத்துக்கு 30 பொறி, மே முதல் ஜூலை வரை. நோக்கங்கள் 5. வந்த கருத்து: "ரெப்ளிகேஷன் போதாது, புதுமை தெளிவில்லை." ரெப்ளிகேஷன் எண்டா ஒண்டையொண்டு சாராத மாதிரிகளின்ர எண்ணிக்கைதானே, மொத்தம் 90 பொறி காணாதா?

ஒலுவில்காத்து:
உங்களிட்ட இருக்கிறது 90 இல்லை தம்பி, 3 இடம்தான். ஒரே இடத்தில வைக்கிற 30 பொறிக்கும் ஒரே தண்ணி, ஒரே சேறு. வித்தியாசம் உப்பாலயா, கண்டலாலயா, மீன்பிடியாலயா எண்டு பிரிக்கேலாது. வாவியை வலயமாப் பிரிச்சு, ஒவ்வொண்டுக்குள்ளயும் பல இடம் எடுங்க. இடத்துக்கு 5 பொறி, அதின்ர சராசரி ஒரு எண்.

எத்தனை இடம்? ரெண்டு வலயத்தை ஒப்பிட ஒரு குத்துமதிப்பு இருக்கு (5% மட்டம், அதாவது இல்லாத வித்தியாசத்தை இருக்கெண்டு சொல்லுற வாய்ப்பு; 80% வலு, அதாவது இருக்கிற வித்தியாசத்தைப் பிடிக்கிற வாய்ப்பு). நியம விலகலை (இடங்களின்ர எண்கள் சராசரியில இருந்து எவ்வளவு சிதறுது எண்ட அளவு), பிடிக்க நினைக்கிற வித்தியாசத்தால வகுத்து, வர்க்கமாக்கி, 16ஆல பெருக்குங்க. ரெண்டும் சமனெண்டா வலயத்துக்கு 16 இடம். வித்தியாசம் விலகலைப்போல ரெண்டு மடங்கெண்டா 4 வரும், ஆனா இவ்வளவு சின்ன எண்ணில சூத்திரம் குறைச்சுக் காட்டும், 6 போடுங்க. விலகல் தெரியாட்டி முன்னோடி மாதிரி (சின்னதா ஒரு முற்சோதனை) எடுக்காம எழுதாதீங்க.

மற்றது, மே முதல் ஜூலை காய்ஞ்ச காலம். வடகீழ்ப் பருவமழையில வெள்ளம் வந்து முகத்துவாரம் திறக்கிற நேரம்தான் உப்பு தலைகீழா மாறும். அந்தக் காலத்தை விட்டுப்போட்டு உப்பைப் பற்றி எழுதியிருக்கிறீங்க!

செங்கலடி மிஸ்:
"கிழக்கில் இதுவரை யாரும் செய்யவில்லை" எண்டு எழுதினீங்களா? அதில இடம்தான் புதுசு, கேள்வி பழசு. உப்பு இறங்கினா குஞ்சுகள் இடம் மாறுதா, சாகுதா? இந்த ரெண்டையும் எந்த அளவீடு பிரிச்சுக் காட்டும் எண்டு எழுதுங்க, புதுமை தானா வரும்.

5 நோக்கம் வேணாம், ரெண்டு காணும். ஒவ்வொண்டுக்கும் நேரே ஒரு அளவீடு, ஒரு பகுப்பாய்வு, பட்ஜெட்டில ஒரு வரி இருக்கோணும், இல்லாததை வெட்டுங்க. தோணிக் கூலியை "பயணம்" எண்டு மொத்தமாப் போடாம, 12 மாதம் × 2 நாள் = 24 நாள் × நாட்கூலி எண்டு காட்டுங்க. காசு ஜனவரி கழிஞ்சு வந்தா அடுத்த மழைக்குக் காத்திருக்கோணும், அதுக்கு என்ன செய்வீங்க எண்டும் ஒரு வரி.

வாவிக்கரை:
ஓம் மிஸ், அதே வசனம்தான். திரும்ப அதே இடத்துக்கு அனுப்பலாமா?

கல்லாற்றான்:
விதிமுறை விட்டா அனுப்பலாம். கடிதம் வந்த அண்டைக்கே பதில் எழுத வேணாம், ஒரு கிழமை கிடக்கட்டும். பிறகு மூண்டு நிரல் கீறுங்க: கருத்து, செய்த மாற்றம், பக்க எண். ரெண்டு மதிப்பீட்டாளரும் தனித்தனியாச் சொன்ன குறையை முதல்ல திருத்துங்க. ஒத்துக்கொள்ளாததுக்குக் காரணம் எழுதுங்க, ஆனா "அவர் வாசிக்கேல்ல" எண்ட தொனி வரப்படாது. அவர் காணாத விசயம் அனேகமா எட்டாம் பக்கத்தில புதைஞ்சு கிடக்கும், அதைச் சுருக்கத்துக்கு ஏத்துங்க.

புள்ளி தந்திருக்கிறாங்களா எண்டும் பாருங்க. புள்ளி நல்லா இருந்து காசு முடிஞ்சதால விட்டிருந்தா, எல்லாத்தையும் உடைச்சுக் கட்டத் தேவையில்லை.