நம் வீடு – குடும்பக் குழு (2025 அக்டோபர்)

செல்வி: கவிதா, என்னடி ஆச்சு, ஞாயிற்றுக்கிழமை போனே காணோம். அம்மாவுக்குப் பதில் சொல்லி மாளவில்லை.

கவிதா: அக்கா, இணையத் தடையைத் தாண்டவைக்கும் விபிஎன் ஆப் இல்லாமல் இங்கே சீனாவில் வாட்ஸ்அப் திறக்கவே திறக்காது, அது ஒரு தொல்லை. அதோடு சனி, ஞாயிறே கையில் இல்லை. அக்டோபர் 1 முதல் 8 வரை தேசிய தின விடுமுறை விட்டார்கள், ஆனால் அதை ஈடுகட்ட செப்டம்பர் 28 ஞாயிறும் அக்டோபர் 11 சனியும் வேலை நாள். அன்றைக்கு எந்தக் கிழமையின் டைம்டேபிள் என்று வீசாட்டில், அதுதான் இங்கத்து வாட்ஸ்அப், பள்ளியிலிருந்து முன்னாடியே வந்துவிடும், போய்ப் பாடம் எடுக்க வேண்டியதுதான்.

அம்மா: பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமை வருமா? பாவம்.

கவிதா: வரும் அம்மா. ஆனால் மதியம் சாப்பிட்டதும் தூங்க விடுவார்கள், மேசையிலேயே தலை சாய்த்துக்கொள்ளும். கண் பயிற்சியும் உண்டு. ஸ்பீக்கரில் இசை வந்ததும் வகுப்பே கண்ணை மூடிக்கொண்டு, புருவத்துக்குக் கீழே, மூக்கின் இரண்டு பக்கம், நெற்றிப்பொட்டு என்று விரலால் அழுத்தித் தேய்க்கும். கிட்டப்பார்வை வராமல் இருக்கவாம். எவ்வளவு வாலுப் பிள்ளையும் அப்போது ஒழுங்காக உட்கார்ந்திருக்கும், பார்க்கவே ஆசையாக இருக்கும்.

பிரபு: இந்த வாரமாவது எங்கேயாவது போனீர்களா அக்கா?

கவிதா: போனோம்டா, சுவான்சௌ என்ற ஊருக்கு! நாங்கள் இருக்கும் சியாமெனிலிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரம் போல. 12306 என்ற ரயில் டிக்கெட் ஆப்பில் பாஸ்போர்ட் எண் போட்டு டிக்கெட் எடுத்தோம், ஸ்டேஷனில் பாஸ்போர்ட்டைக் காட்டினால் உள்ளே விடுவார்கள், காகித டிக்கெட் எதுவும் கிடையாது.

மாமா: அங்கேதானே தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது?

கவிதா: அதே ஊர்தான் மாமா. 1956இல் கிடைத்தது. சக ஆண்டு 1203, சித்திரை மாதம், அதாவது கி.பி. 1281, சீனாவை ஆண்ட மங்கோலிய மன்னர் குப்லாய் கான் காலம். சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவனைப் பிரதிஷ்டை செய்ததைத் தமிழில் வெட்டி, கடைசி வரியைச் சீனத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கோயில் இப்போது இல்லை. ஆனால் அந்தக் காலத்து இந்துக் கோயில் தூண்கள் இரண்டு கையுவான் புத்தர் கோயிலில் இருக்கின்றன, பெரிய மண்டபத்தின் பின்பக்கம். எல்லோரும் முன்னால் இருக்கும் இரட்டைக் கல் கோபுரங்களைப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், பின்னால் சுற்றி வந்தால்தான் தெரியும். பதினாறு பட்டைத் தூண், அதில் சின்னச் சின்ன வட்டத்துக்குள் நரசிம்மர், கோபியர் சேலையைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிய கண்ணன்! நான் அப்படியே நின்றுவிட்டேன் மாமா. பக்கத்தில் ஒரு பாட்டி ஊதுவத்தியோடு கும்பிட்டுக்கொண்டிருந்தார், அவர் புத்தரைக் கும்பிட, நான் கண்ணனைக் கும்பிட்டேன்.

மாமா: கேட்கவே புல்லரிக்கிறது அம்மா. படம் எல்லாவற்றையும் போடு.

கவிதா: போடுகிறேன். இங்கே வேலைக்கு வரும் நம் ஆட்கள் லீவு கிடைத்தால் ஷாங்காய், பெய்ஜிங் என்று ஓடுகிறார்கள், இவ்வளவு பக்கத்தில் இருப்பதை யாரும் சொல்வதே இல்லை, எனக்கு அதுதான் ஆதங்கம். 2021இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலிலேயே இந்த ஊரைச் சேர்த்துவிட்டார்கள். 1009இல் எழுப்பிய மசூதியும் அங்கே இருக்கிறது, நேரம் போதாமல் வெளியிலிருந்துதான் பார்த்தோம்.

செல்வி: ஏய், நீ போட்ட படத்தில் தலையில் என்னடி அவ்வளவு பூ?

கவிதா: அது சுன்பூ என்ற மீனவ கிராமம் அக்கா. அந்த ஊர்ப் பெண்கள் கொண்டை போட்டு, அதைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பூச்சரம் வைப்பார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கும் கடை போட்டுச் சூடிவிடுகிறார்கள். எனக்கு வைத்த அம்மாள் என் பின்னலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், நீளமாக இருக்கிறதே என்று அவருக்கு ஒரே சந்தோஷம். வீட்டுச் சுவரெல்லாம் சிப்பி ஓடு பதித்துக் கட்டியது.

அம்மா: சுற்றிப் போடச் சொல் மாப்பிள்ளையை. அவர் என்ன சாப்பிட்டார்?

கவிதா: அவருக்கு நிலக்கடலைக் கஞ்சி மாதிரி ஒன்று, இனிப்பாக, கடலை வாயில் வைத்ததும் கரைகிறது, இரண்டு கிண்ணம் குடித்தார். மதியம் சைவக் கடை. நூடுல்ஸ் கடையில் காய் மட்டும் போடச் சொன்னாலும் குழம்பு இறைச்சிச் சாறாக இருக்கலாம் அம்மா, அதனால்தான்.

பிரபு: நான் பிப்ரவரியில் வரட்டுமா அக்கா?

கவிதா: பிப்ரவரி 17 சீனப் புத்தாண்டுடா, நாடே ஊருக்குப் போகும், டிக்கெட் போட்டி போட்டு வாங்க வேண்டும். மார்ச்சில் வா. கிளம்பும் முன் அலிபே என்ற பணம் கட்டும் ஆப்பில் உன் கார்டைச் சேர்த்துவிடு, இளநீர்க்காரர்கூட கியூஆர்தான் நீட்டுவார். எங்கள் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் பதிவு செய்ய வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாமா: பிரபு, நானும் வருகிறேன். எனக்கும் சேர்த்து விசா விண்ணப்பம் போடு.

பிரபு: சரி மாமா, பாஸ்போர்ட் முதல் பக்கத்தை எனக்குத் தனியாக அனுப்புங்கள், குழுவில் போட வேண்டாம்.