குடும்பப் படத்தில் பெரிய பெண்ணை மட்டும் வெளுப்பாக்கித் தரச் சொல்கிறார்கள், நீங்கள் என்ன செய்வீர்கள்?

பானஸ்வாடி கேமராக்காரி:

வணக்கம். பெங்களூரில் குடும்பப் படங்களும் போர்ட்ரெய்ட்டும் எடுக்கிறேன். சொந்த ஸ்டுடியோ கிடையாது, கூப்பிட்ட வீட்டுக்குப் போய் எடுப்பதுதான் வேலை. முகூர்த்த மாதங்களில் கல்யாண டீம்களுக்கு இரண்டாவது கேமராவாகப் போவதும் உண்டு, ஆனாலும் மனசுக்குப் பிடித்தது வீட்டுப் படம்தான். பாட்டி புடவை மாற்றிக்கொண்டு வரும்வரை காத்திருப்பது, கேமராவைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிகிற குழந்தையை வெளியே வரவைப்பது, பேசிக்கொள்ளாத இரண்டு சித்தப்பாக்களை ஒரே ஃப்ரேமில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்துவது, இதெல்லாம் எனக்கு அலுக்கவே அலுக்காது.

இப்போது ஒரு சிக்கல். அல்சூரில் ஒரு தமிழ்க் குடும்பம். தாத்தாவுக்கு சதாபிஷேகம் முடிந்திருக்கிறது, வெளியூரில் இருக்கிற மகன்கள் கிளம்புவதற்குள் எல்லாரும் சேர்ந்த மாதிரி படம் வேண்டும் என்றார்கள். கப்பன் பார்க்கில் எடுக்கலாமா என்று கேட்டார்கள். காசு வாங்கி எடுக்கிற படத்துக்கு அங்கே தோட்டக்கலைத் துறையிடம் அனுமதி வாங்க வேண்டும், ரிஃப்ளெக்டரை விரித்ததுமே காவலாளி வந்துவிடுவார், இந்த வயதில் அவரை அலைக்கழிக்க வேண்டாம் என்று சொன்னேன். அவர்கள் அபார்ட்மெண்ட் தோட்டத்திலேயே ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நாற்காலி போட்டு எடுத்தோம். மேகமூட்டமான சாயங்காலம்.

பேத்திகள் இரண்டு பேர். சின்னவள் அம்மாவைப் போல சிவப்பு. பெரியவள் பத்தாவது படிக்கிறாள், நல்ல கறுப்பு, அப்படியே தாத்தாவின் முகம், அதே புருவம், அதே பல்வரிசை. அவளையும் தாத்தாவையும் தனியாக எடுத்த படத்தைக் கேமராவிலேயே காட்டினேன். "அக்கா, இதை எனக்குத் தனியா அனுப்புங்க" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

படங்களை அனுப்பின அன்று ராத்திரி அவள் அம்மா எனக்கு மட்டும் வாட்ஸப் செய்தார். "படமெல்லாம் ரொம்ப நல்லா இருக்கு. பெரியவளுக்கு மட்டும் கொஞ்சம் கலர் ஏத்திக் குடுங்க, தங்கச்சி பக்கத்துல டல்லா தெரியறா. அவகிட்ட சொல்ல வேண்டாம்."

கடைசி வரியைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. பாதிப் பணம் இன்னும் வர வேண்டும், படங்களைத் தாளிலேயே அச்சடித்துப் புத்தகமாகத் தருகிற கரிஷ்மா ஆல்பம் ஆர்டரும் நிற்கிறது. எனக்கு வேலை வருவதே ஒரு வீடு இன்னொரு வீட்டுக்குச் சொல்லித்தான், அவர்கள் சொந்தக்காரர்கள் பெங்களூர் முழுக்க இருக்கிறார்கள். செய்துகொடுக்க எனக்கு விருப்பமே இல்லை. எப்படிச் சொல்வது? அப்புறம், என் வெளிச்சத்திலேயே ஏதாவது குறையா என்றும் ஒரு சந்தேகம். குரூப் படம் 50 எம்எம் லென்ஸில், எஃப் 5.6 திறப்பில். தனிப் படங்கள் 85 எம்எம், எஃப் 2.8. எல்லாம் ரா ஃபைலில்தான், அதாவது கேமரா பதிவு செய்ததை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கிற ஃபைலில்தான் எடுத்தேன்.

சிவாஜிநகர் லேப்காரர்:

தங்கச்சி, இதில் அந்த அம்மாவின் மனசு ஒரு பக்கம், வெளிச்சம் ஒரு பக்கம். முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள். கலர் லேபில் உட்கார்ந்தே வயசு போன ஆள் நான், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். "கலர் ஏத்துங்க" என்று வந்து நிற்பவர்களில் பல பேருக்கு உண்மையிலேயே படத்தில் ஒரு குறை கண்ணில் படுகிறது. அது என்ன குறை என்று சொல்லத் தெரியாமல் நிறத்தின் மேல் பழியைப் போடுகிறார்கள்.

மரத்தடி என்கிறீர்கள். மேலிருந்து வருகிற வெளிச்சம் இலைக்குள் நுழைந்து பச்சை ஏறித்தான் இறங்கும், கீழே புல் இருந்தால் தாடைக்கு அடியிலும் பச்சை அடிக்கும். சிவந்த தோலில் இது பெரிதாகத் தெரியாது, கறுத்த தோலில் முகமே சாம்பல் பூத்துப்போகும். அதோடு, கேமராவின் மீட்டர் ஃப்ரேமில் இருக்கிற எல்லாவற்றையும் சேர்த்து நடுத்தரமான ஒரு சாம்பலுக்கு இழுக்கத்தான் பார்க்கும். தாத்தாவின் வெள்ளை வேட்டி, பட்டுச் சரிகை, இலைகளுக்கு நடுவே தெரிகிற ஆகாயம் எல்லாம் இருந்தால் மொத்தப் படத்தையும் கொஞ்சம் இருட்டாக்கிவிடும். அதில் முதலில் அடிபடுவது அந்தப் பெண்ணின் முகம்.

எனவே ரா ஃபைலைத் திரும்பத் திறந்து, வேட்டி வெள்ளையாகவே தெரிகிற மாதிரி ஒயிட் பேலன்ஸ் சரி செய்யுங்கள், பச்சையைக் குறைக்க டிண்டை மெஜந்தா பக்கம் தள்ள வேண்டியிருக்கும். முகத்தில் நிழல் விழுந்த இடத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு, கண்ணுக்குக் கீழேயும் கன்னத்திலும் விவரம் தெரிகிற அளவுக்கு எக்ஸ்போஷர் ஏற்றுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆரஞ்சு லூமினன்ஸை, அதாவது ஆரஞ்சு நிறத்தை மட்டும் வெளுக்கிற ஸ்லைடரைத் தொடாதீர்கள், அது வெளிச்சத்தை விட்டுவிட்டு நிறத்தைத்தான் கரைக்கும். இருட்டில் நின்றவளை வெளிச்சத்துக்குக் கூட்டிவருவது நம் வேலை, அவள் தோலை மாற்றுவது நம் வேலை இல்லை.

அடுத்த முறை இப்படி இரண்டு நிறத்தில் ஆட்கள் இருந்தால் கறுத்தவரை வெளிச்சம் வருகிற பக்கம் நிறுத்துங்கள். கறுத்த தோலில் முகத்தின் அமைப்பை எடுத்துக்காட்டுவது அதன் மேல் விழுகிற பளபளப்புதான். பக்கவாட்டில் பெரிய வெள்ளைத் தெர்மாக்கோல் அட்டை ஒன்றைப் பிடிக்கச் சொன்னால் கன்ன எலும்பு, மூக்கு, தாடை எல்லாம் அழகாக எழுந்துவரும். நேரே ஃப்ளாஷ் அடித்தால் நெற்றி மட்டும் வெளுத்து மற்றதெல்லாம் அமுங்கிவிடும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கோணல் ஃபிலிம் காலத்திலிருந்தே வருவது. கோடாக் கம்பெனி லேப்களுக்கு ஒரு சாம்பிள் படம் கொடுக்கும், ஷெர்லி கார்டு என்பார்கள், அதில் இருப்பது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் சரியாக வந்தால் பிரிண்டர் சரி. சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் பழுப்பு நிறங்கள் ஒழுங்காக வரவில்லை என்று சொன்ன பிறகுதான் ஃபிலிமை மாற்ற ஆரம்பித்தார்கள். பல நிறத்துப் பெண்களைச் சேர்த்து வைத்த கார்டு 1990களில்தான் வந்தது. நம் மக்களின் முகம் எத்தனை வருஷம் அந்த அட்டையை வைத்து அச்சாகியிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

கோரமங்களா வெட்டிங்:

எனக்கு இதில் வேறு கருத்து. அது அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டப்போகிற படம். பருவை எடுக்கிறோம், சட்டைக் கறையை எடுக்கிறோம், பின்னால் நிற்கிற பைக்கை எடுக்கிறோம், அப்போதெல்லாம் யாரும் இந்தக் கேள்வி கேட்பதில்லை. சட்டமும் அவர்கள் பக்கம்தான். 1957 காப்பிரைட் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர். எடுத்தவருக்கே எல்லா உரிமையும் என்று நினைத்துக்கொண்டு கேட்காமலே இன்ஸ்டாகிராமில் போடுகிறவர்கள் இங்கேயும் இருக்கிறீர்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

லேசாகச் செய்துகொடுத்து மீதிப் பணத்தை வாங்குங்கள். இனிமேல் டச்சப்பில் எது அடங்கும், எது அடங்காது என்பதைக் கொட்டேஷன் அனுப்பும்போதே எழுதிவிடுங்கள். வாய்ப் பேச்சு வேண்டாம்.

மல்லேஸ்வரம் வாசகி:

நான் போட்டோகிராஃபர் இல்லை, இங்கே படிப்பதோடு சரி. ஆனால் இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் எங்கள் வீட்டில் நான்தான் அந்தப் பெரியவள்.

என் மஞ்சள் நீராட்டு ஆல்பத்தில் என் முகம் ரோஸ் நிறத்தில் இருக்கும். மருதாணி வைத்த கை என் சொந்த நிறத்தில் இருக்கும். கழுத்தில் இரண்டும் சேர்கிற இடத்தில் நகைக்குக் கீழே ஒரு கோடு தெரியும். ஆல்பம் வந்த அன்று அத்தைகள் எல்லாம் சுற்றி உட்கார்ந்து "போட்டோவுல எவ்வளவு லட்சணமா இருக்கா" என்றார்கள். நான் அவர்களுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்படிச் செய்யச் சொன்னது யார் என்று நான் இதுவரை வீட்டில் கேட்டதில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

கோரமங்களா அண்ணா, பரு பத்து நாளில் போய்விடும், அதைப் படத்திலிருந்து எடுத்தால் அது அவளுடைய பத்து நாள் கழித்த முகம். நிறம் அப்படி இல்லை. அதை எடுத்தால் அவள் என்றைக்குமே இல்லாத ஒருத்தியைச் சுவரில் மாட்டுகிறீர்கள், அவளும் தினமும் அதைக் கடந்துதான் ஸ்கூலுக்குப் போக வேண்டும். கறுப்பாக இருப்பவரைத் தாழ்த்திக் காட்டக் கூடாது என்று விளம்பரங்களுக்கே 2014இல் விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் விதி போட்டுவிட்டது. க்ரீம் விற்பவர்களுக்கே கட்டுப்பாடு வந்த பிறகு ஒரு வீட்டு ஆல்பத்தில் இதைச் செய்ய வேண்டுமா?

கேமராக்காரி அக்கா, அந்த அம்மாவைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். பெண்ணை யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்கிற பயம்தான் அது, அந்தப் பயத்தை அவருக்கும் யாரோ சின்ன வயசில் ஊட்டியிருப்பார்கள். வாட்ஸப்பில் பதில் எழுத வேண்டாம், போன் செய்யுங்கள். உபதேசம் செய்யாமல், அவள் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாள் என்பதை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

கோரமங்களா வெட்டிங்:

பரு பற்றிச் சொன்னது சரி, ஏற்றுக்கொள்கிறேன். வயது வந்த ஒருவர் தன் படத்தைத் தானே வெளுப்பாக்கச் சொன்னால் நான் செய்துகொடுப்பேன், அது அவர் இஷ்டம். பிள்ளைக்குத் தெரியாமல் செய்யச் சொன்னால் மாட்டேன். பணத்தைப் பற்றி நான் சொன்னதில் மட்டும் மாற்றமில்லை, ஆல்பம் பிரிண்ட்டுக்குப் போவதற்கு முன்னால் முழுவதும் வாங்கிவிடுங்கள்.

பானஸ்வாடி கேமராக்காரி:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

லேப்கார அண்ணன் சொன்னது அப்படியே சரி. வேட்டியை வைத்து ஒயிட் பேலன்ஸ் எடுத்ததுமே படம் முழுக்கப் பச்சை ஏறியிருந்தது தெரிந்தது. அதை எடுத்த பிறகு பெரியவள் முகத்தில் ஒரு செம்பு நிறம் வந்தது, அவள் நேரில் இருக்கிற நிறம் அதுதான். நிழல் பக்கத்தைக் கொஞ்சம் ஏற்றினேன், அவ்வளவுதான். சின்னவள் முகமும் இப்போதுதான் இயல்பாக இருக்கிறது.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "மரத்தோட பச்சை ரெண்டு பேர் மேலயும் விழுந்திருந்தது, எடுத்துட்டேன், ஆனா நிறத்தைத் தொடலைங்க" என்றேன். பெரியவள் தாத்தாவோடு இருக்கிற படத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், போனில் எடுத்தால் இவள் இப்படித் தெரிவதில்லையே என்றார். எந்தப் போன், என்ன செட்டிங் என்று விசாரித்தால் செல்ஃபி கேமராவில் பியூட்டி மோட் எப்போதும் ஆனில் இருக்கிறது. வீட்டில் எல்லாரும் தினமும் பார்த்துப் பழகியது அந்த வழவழப்பான முகத்தைத்தான், என் படம் அதற்குப் பக்கத்தில் வந்ததும் அவருக்கு டல்லாகத் தெரிந்திருக்கிறது.

முழுக்கச் சம்மதித்தார் என்று சொல்ல மாட்டேன். சொந்தக்காரர்கள் குரூப்பில் போடுவதற்கு ஒரே ஒரு படம் மட்டும் வெளுப்பாக வேண்டும் என்றார். நான் செய்ய மாட்டேன் என்று சொன்னேன், அதற்குள் எனக்குக் குரல் நடுங்கிவிட்டது. சரி, நானே ஏதாவது ஆப்பில் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஆல்பம் மட்டும் நான் அனுப்பினபடியே பிரிண்ட்டுக்குப் போகிறது, மீதிப் பணமும் வந்துவிட்டது. பெரியவளுக்கு அவள் கேட்ட படத்தை அம்மா வழியாகவே அனுப்பினேன். எடுத்த எந்தப் படத்தையும் நான் இன்ஸ்டாகிராமில் போடப்போவதில்லை.

இனி அனுப்புகிற ஒவ்வொரு கொட்டேஷனிலும் இந்த வரி இருக்கும்: பரு, காயம், கறை, கலைந்த முடி சரி செய்து தரப்படும், தோல் நிறமும் உடல் அமைப்பும் மாற்றப்பட மாட்டாது.

லேப்கார அண்ணா, ஒரு கேள்வி. ஸ்கிரீனில் இருக்கிற செம்பு நிறம் ஆல்பத்திலும் அப்படியே வருமா?

சிவாஜிநகர் லேப்காரர்:

வரும், ஆனால் சொல்லிக் கொடுக்க வேண்டும். பல லேப்களில் ஆட்டோ கரெக்ஷன் போட்டுத்தான் அடிப்பார்கள், அது எல்லா முகத்தையும் ஒரே மாதிரி வெளுக்கப் பார்க்கும். கரெக்ஷன் வேண்டாம் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். மானிட்டர் பிரைட்னஸைப் பாதியாகக் குறைத்துவிட்டு ஒரு முறை பாருங்கள், பேப்பர் எப்போதும் ஸ்கிரீனைவிட ஒரு பங்கு இருட்டாகத்தான் வரும். தாத்தாவும் பேத்தியும் இருக்கிற படத்தை மட்டும் 6க்கு 8இல் ஒரு டெஸ்ட் பிரிண்ட் போட்டு, டியூப்லைட்டுக்குக் கீழே வேண்டாம், ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பேப்பர் லஸ்டர் கேளுங்கள், அது பாதிப் பளபளப்பானது. பளபளப்பே இல்லாத முழு மேட் பேப்பரில் கறுத்த தோலின் பளபளப்பு செத்துவிடும், க்ளாஸியில் விரல் ரேகைதான் தெரியும்.