படிச்சு முடிச்ச பிறகும் விடாத இளையோர் நாவல் எது? மலைப்பக்கத்து வாசகர்கள் சொல்லுங்க

கோத்தகிரி அம்மா
ஏஞ்சி தாமஸோட 'தி ஹேட் யு கிவ்' போன வாரம் முடிச்சேன். 2017-ல வந்தது. கறுப்பினப் பொண்ணு ஸ்டார் கண்ணு முன்னாடியே அவ கூட்டாளி கலீலைப் போலீஸ்காரன் சுடுற இடத்தைத்தான் எல்லாரும் பேசுவாங்க. என்னைப் பிடிச்சுக்கிட்டது அது இல்ல. ஸ்டார் அந்தப் பணக்காரப் பள்ளிக்கூட வாசல்ல நுழையும்போதே பேச்சை மாத்திக்குவாளே, அந்த இடம். தெருவில பேசுற வார்த்தை ஒண்ணுகூட வாயில வந்துறக்கூடாது, கோவம் வந்தாலும் காட்டக்கூடாது, யாரும் தன்னைச் சேரிப் பொண்ணுன்னு சொல்லிடக்கூடாது.

நாங்க படுகர். ஹட்டியில, அதான் எங்க ஊர்ல, அவ பாட்டிகிட்ட எங்க படுகு மொழியில வாய் ஓயாம பேசுற என் பொண்ணு, ஊட்டி பஸ்ல கூடப் படிக்கிற பிள்ளைங்க ஏறிட்டா என்கிட்டயே இங்கிலீஷ்ல பதில் சொல்லுவா. எனக்கு முன்னாடி புத்தகத்தைப் படிச்சவ அவதான். அந்தப் பத்திக்குப் பக்கத்துல மட்டும் பென்சில்ல ஒரு கோடு இழுத்து வச்சிருக்கா. இதைப் பத்தி அவகிட்ட இன்னும் பேசல, எப்படி ஆரம்பிக்கிறதுன்னும் தெரியல. நாவலைப் பத்திச் சொல்லணும்னா, கடைசிப் பகுதி கூட்டத்துல மைக் பிடிச்ச மாதிரி ஆயிடுது. அங்கே ஸ்டாரோட குரல் கொஞ்சம் காணாமப் போகுது.

கூடலூர் லயன்
அக்கா, கடைசிப் பகுதியில என்ன குறை? பதினாறு வயசுப் பொண்ணு கண்ணு முன்னாடி கூட்டாளி செத்திருக்கான். கத்தாம எப்படிப் பேசுவா? கத்துறதும் அவ குரல்தான்.

என் கதை சுசான் காலின்ஸோட 'தி ஹங்கர் கேம்ஸ்', முதல் பாகம். மாவட்டத்துக்கு ரெண்டு பிள்ளைங்களைப் பிடிச்சு, ஒருத்தரை ஒருத்தர் கொல்ல விடுற போட்டி. காட்னிஸும் சின்னப் பொண்ணு ரூவும் அதுல கூட்டு சேர்ந்தவங்க. ரூ செத்ததும் காட்னிஸ் பூ வைக்கிறதைத்தான் படத்துல பார்த்து எல்லாரும் அழுதாங்க. புத்தகத்துல அதுக்குப் பிறகு பாராசூட்ல ஒரு ரொட்டி வரும். ரூவோட பதினோராவது மாவட்டத்து ஜனங்க அனுப்பினது. விளைஞ்சதை எடுத்துத் தின்னா சாட்டையடி வாங்குற ஊர் அது. ரூவுக்குன்னு காசு சேர்த்து வாங்கின ரொட்டி. அவ போயிட்டா, ஆனா ரொட்டியைத் திருப்பி எடுத்துக்காம வேற மாவட்டத்துப் பொண்ணுக்குக் கொடுக்கச் சொல்றாங்க.

1964 ஒப்பந்தத்துல சிலோன்ல இருந்து வந்த குடும்பம் எங்களோடது. டான்டீ, அதான் அரசுத் தேயிலைத் தோட்டம், அதோட லயன் வீடுகள்ல ஒரு சாவு விழுந்தா வீட்டுக்கு வீடு துண்டு ஏந்தி வருவாங்க. வேலை செஞ்ச நாளுக்குப் பேர் போட்ட கூலி கைக்கு வராத மாசத்துலயும் எங்கம்மா ஏதாவது போடுவாங்க. அந்த ரொட்டி வந்த பக்கத்தை இன்னும் தாண்ட முடியல. காட்னிஸுக்கு ஜோடி பீட்டாவா கேலான்னு அடிச்சுக்கிறவங்க இந்தப் பக்கத்தை எப்படிப் படிச்சாங்கன்னே புரியல.

குன்னூர் நர்ஸ்
ஜான் க்ரீனோட 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' எனக்குக் கோவம்தான் வர வச்சுது. வார்டுல புற்றுநோய்ப் பிள்ளைங்களைப் பார்க்கிறவ நான். கதையில புற்றுநோய் வந்த பையன் அகஸ்டஸ், பத்த வைக்காத சிகரெட்டை வாயில வச்சுக்கிட்டுத் தத்துவம் பேசுவான். எந்தப் பிள்ளையும் அப்படிப் பேசி நான் கேட்டதில்ல. ஆனா ராத்திரி பெட்ரோல் பங்க்ல தனியா கார்ல மாட்டிக்கிட்டு, வயித்துக் குழாய்ல கோளாறாகி, வாந்தியோட அவன் காதலி ஹேசலுக்குப் போன் பண்ணுவானே, அது நிஜம். சிகரெட் வாங்கக்கூடத் தன்னால முடியலையேன்னு அழுவான். அந்த ஒரு அத்தியாயத்துல எழுத்தாளர் பொய்யே சொல்லல.

கொடைக்கானல் ஆசிரியர் (ஓய்வு)
எல்லாரும் வெளிநாட்டுப் புத்தகத்தையே சொல்றீங்க. ஒரு மாணவிக்கு இரா. நடராசனோட 'ஆயிஷா'வைக் கொடுத்தேன். செத்துப்போன மாணவி ஆயிஷாவைப் பத்தி அவ டீச்சர் தன் புத்தகத்துக்கு முன்னுரையா எழுதுற மாதிரி வர்ற கதை. திருப்பித் தரும்போது, "சார், அந்த டீச்சர் இதை முன்னுரையா எழுதினது போதுமா?"ன்னு மட்டும் கேட்டா. பதில் சொல்லல நான்.

கோத்தகிரி அம்மாவுக்கு ஒண்ணு சொல்றேன். பொண்ணுகிட்ட அந்தப் பென்சில் கோட்டைப் பத்திக் கேட்காதீங்க. அதே புத்தகத்துல உங்களுக்குப் பிடிச்ச இடத்துல நீங்களும் ஒரு கோடு போட்டு அலமாரியில வச்சிருங்க. அடுத்து 'ஆயிஷா'வைக் கொடுங்க, ஒரே உட்காரலில் முடிஞ்சிடும். அடி வலிக்கக்கூடாதுன்னு தன் உடம்புலயே மரத்துப்போற மருந்தைச் சோதிச்சுப் பார்த்த பிள்ளையோட கதை, அதனால தனியாப் படிக்க விடாதீங்க, பக்கத்துல இருங்க. அதுக்குப் பிறகு ராஜம் கிருஷ்ணனோட 'குறிஞ்சித்தேன்'. அது இளையோர் நாவல் இல்லதான். ஆனா உங்க ஜனங்க வாழ்க்கை அச்சுல இருக்குன்னு ஒரு படுகப் பொண்ணு தெரிஞ்சுக்கணும். வாசிச்சதுக்குப் பரிசு, வாசிக்காததுக்குத் திட்டு, இந்த ரெண்டுமே வேண்டாம். செல்போனைப் பிடுங்கிட்டுப் புத்தகத்தைத் திணிச்சா புத்தகம் தண்டனை ஆயிடும்.

கோத்தகிரி அம்மா
சார், நான் யோசனை கேட்கல. ஆனா 'குறிஞ்சித்தேன்' எங்க மாமியார் வீட்டுல இருக்கு. எங்க ஜனங்களைப் பத்தி வெளியில இருந்து வந்தவங்க எழுதினதை என் பொண்ணு எப்படி எடுத்துக்குவான்னு தெரியல.

பூம்பாறை
மார்கஸ் சூசாக்கோட 'தி புக் தீஃப்' யாருமே சொல்லலையே. ஹிட்லர் கால ஜெர்மனியில லீசல்ங்கிற பொண்ணோட கதை, அதைச் சொல்றது மரணம். மழையில கரண்ட் போய், டார்ச் வெளிச்சத்துல படிச்சேன். அடித்தளத்துல ஒளிஞ்சிருக்கிற யூதன் மாக்ஸ், ஹிட்லரோட 'மைன் காம்ப்' பக்கங்களைக் கிழிச்சு, வெள்ளை பெயிண்ட் அடிச்சுக் காயவச்சு, அது மேலயே லீசலுக்குப் படக்கதை எழுதுவான். அந்தப் படங்களை நாவல்லயே போட்டிருக்காங்க. உத்துப் பார்த்தா பெயிண்ட்டுக்கு அடியில பழைய எழுத்து தெரியும். டார்ச்சைக் கிட்ட வச்சுத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

லீசலோட கூட்டாளி ரூடி சாகப்போறான்னு மரணமே நடுவுல சொல்லிடுது, சுவாரசியம் போச்சுன்னு என் நண்பன் சண்டை போடுறான். எனக்கு அப்படித் தோணல. தெரிஞ்ச பிறகுதான் ரூடி முத்தம் கேட்டு அவ மாட்டேன்னு சொல்ற ஒவ்வொரு தடவையும் வயித்தைப் பிசைஞ்சுது. இங்கே யாராவது என் நண்பன் பக்கம் இருக்கீங்களா?